மொட்டை மாடிச் சாவி

வாடகைக்கு வீடு பார்க்கப் போகிறவர்கள் முதலில் தண்ணீர் வருமா என்று கேட்பார்கள். நானும் அதைத்தான் கேட்பேன். அடுத்து நான் கேட்பது, "மாடிச் சாவி தருவீங்களாம்மா?" மதுரையில் 21 வருடத்தில் ஆறு வீடு மாறியிருக்கிறோம். நான்கு வீடுகளில் இந்தக் கேள்விக்கு முகம் சுருங்கியது. ஒரு வீட்டுக்கார அம்மா மட்டும் "எதுக்கும்மா?" என்று கேட்டார். செடி வைக்க, வற்றல் போட என்றேன். "வடகம் போட்டா எனக்கும் ரெண்டு குடு" என்று ஆணியில் தொங்கிய சாவியை எடுத்துக் கையில் வைத்தார். அந்த வீட்டில்தான் அதிக காலம் இருந்தோம், ஏழு வருடம்.

நான் வீட்டிலேயே தையல் தைக்கிறேன். கணவர் லேத் பட்டறையில் வேலை பார்க்கிறார். சொந்த வீடு எங்கள் வரவுக்கு எட்டவில்லை. சொந்த வீடு வந்த பிறகு செடி வைப்போம், வந்த பிறகு ஊறுகாய் ஜாடி வாங்குவோம் என்று எங்கள் தெருவில் எத்தனையோ பேர் சொல்லக் கேட்டிருக்கிறேன். அப்படித் தள்ளிப்போட்டே பிள்ளைகள் வளர்ந்து கல்யாணமும் ஆகிப் போய்விடுகிறார்கள். நான் தள்ளிப்போடவில்லை. கீரை, பச்சை மிளகாய், மணத்தக்காளி, புதினா, பிரண்டை எல்லாம் என் வாளிகளில் வளர்கின்றன. வடகம், மோர்மிளகாய், எலுமிச்சை ஊறுகாய், கறிவேப்பிலைப் பொடி எதையும் கடையில் வாங்குவதில்லை.

இதற்கு வேண்டிய பொருள்களில் பெரும்பாலானவற்றைக் காசு கொடுத்து வாங்கிவிடலாம். செம்மண், தொழுஉரம், தென்னை நார்க்கழிவுக் கட்டி எல்லாம் கிடைக்கின்றன. பெயிண்ட் வாளியும் மீன் வந்த தெர்மாகோல் பெட்டியும் கேட்டால் சும்மாவே தருவார்கள். வெயிலைத்தான் வாங்க முடியாது. நான்கு பக்கமும் சுவர் நெருக்கும் வாடகைப் போர்ஷனில் ஜன்னல் ஓரத்துப் புதினாவும் கற்பூரவல்லியும் எப்படியோ பிழைத்துக்கொள்ளும். தக்காளியும் வெண்டையும் பிழைக்காது. அவற்றுக்கு வேண்டிய வெயில் மாடியில் இருக்கிறது, மாடியின் சாவி வீட்டுக்காரரிடம் இருக்கிறது.

செடி வைத்தால் தளம் கெட்டுவிடும் என்ற வீட்டுக்காரர்களின் பயத்தை நான் குறை சொல்ல மாட்டேன். இரண்டாவது வீட்டில் அந்தப் பயம் உண்மையானதே என்னால்தான். தட்டோடு பதித்த பழைய மாடி அது. செடிப் பைகளைத் தரையோடு தரையாக வரிசையாக வைத்திருந்தேன். ஐப்பசி மழையில் கீழே படுக்கையறைக் கூரையில் ஓதம் படர்ந்தது. "ஏம்மா, தளம் போச்சுன்னா யாரு பார்க்குறது?" என்று வீட்டுக்கார அய்யா கேட்டபோது எனக்குப் பதில் இல்லை. அவரே மேலே ஏறி வந்து பார்த்தார். உதிர்ந்த இலையும் நார்க்கழிவும் போய் மழைத்தண்ணீர் இறங்கும் துவாரத்தை அடைத்திருந்தன. தண்ணீர் இரண்டு நாளாகத் தளத்திலேயே நின்றிருக்கிறது. அன்றைக்குக் கற்றுக்கொண்டதை இன்றுவரை விடவில்லை. எந்த வாளியும் தரையில் உட்காராது, செங்கல் மேலோ பழைய கட்டில் சட்டத்தின் மேலோதான் இருக்கும். வாளிக்கு அடியில் காற்றுப் போகும், நானும் துடைப்பத்தை விட்டுப் பெருக்குவேன். மழைக்கு முன்னால் துவாரத்தில் கை விட்டுப் பார்க்காமல் கீழே இறங்க மாட்டேன். பாரத்தையும் யோசிக்க வேண்டும். ஒரு கன அடி ஈர மண் ஏறக்குறைய 50 கிலோ வரும். அதனால் முழு மண்ணாக நிரப்பாமல் நார்க்கழிவையும் மக்கிய எருவையும் பாதிக்குமேல் கலக்கிறேன். பெரிய வாளிகளைத் தளத்தின் நடுவில் வைப்பதில்லை. கீழே சுவர் வரும் இடமாகப் பார்த்து ஓரத்தில் வைக்கிறேன். இந்த நான்கையும் செய்யாதவருக்குச் சாவி தர வேண்டாம் என்றுதான் நானும் சொல்வேன்.

வாடகை ஒப்பந்தம் பெரும்பாலும் 11 மாதம். ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தாக வேண்டும் என்று 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம் சொல்வதால் வந்த பழக்கம் இது. அந்த 11 மாதத்துக்குள் விளைவதுதான் எங்களுக்குப் பயிர். முளைக்கீரையும் வெந்தயக்கீரையும் மூன்று நான்கு வாரத்தில் கைக்கு வரும். அரைக்கீரையைக் கிள்ளக் கிள்ளத் துளிர்த்துக்கொண்டே இருக்கும். வெண்டை ஒன்றரை மாதத்தில் காய்க்கத் தொடங்கும். முருங்கைகூட முடியும். பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியில் உருவாக்கிய பி.கே.எம். 1 செடிமுருங்கை விதை போட்டு ஆறு மாதத்தில் காய்க்கு வருகிறது. ஒரு பழைய பிளாஸ்டிக் டிரம்மில் வளர்த்துக் காய் பறித்திருக்கிறேன்.

கறிவேப்பிலைதான் என்னை அழ வைத்தது. மூன்றாவது வீட்டில் பின்பக்கம் ஒரு முழம் மண் இருந்தது. ஆசையில் கன்றைத் தரையிலேயே நட்டுவிட்டேன். நான்கு வருடத்தில் என் தலைக்கு மேல் வளர்ந்தது, அக்கம்பக்கத்தில் யாரும் கறிவேப்பிலை வாங்கியதில்லை. காலி செய்யச் சொன்னபோது அதைப் பெயர்க்க முடியவில்லை. மூன்று மாதம் கழித்து பாக்கி அட்வான்ஸை வாங்கப் போனேன். பின்பக்கம் முழுக்க சிமெண்ட் போட்டிருந்தார்கள். அதற்குப் பிறகு தரையில் எதையும் நட்டதில்லை. இப்போதிருக்கும் கறிவேப்பிலை 20 லிட்டர் பெயிண்ட் வாளியில் இரண்டு வீடு மாறியிருக்கிறது. ஒவ்வொரு தடவையும் குட்டியானையில் பீரோவுக்குப் பக்கத்தில் கயிறு கட்டி நிற்க வைத்துக் கூட்டி வந்தோம்.

செடிக்கு மட்டுமா வெயில்? மணத்தக்காளிக் காயைப் பழுக்கும் முன் பறித்து, லேசாகக் கீறி, உப்புப் போட்ட புளித்த மோரில் ராத்திரி ஊற வைக்க வேண்டும். பகலில் தாம்பாளத்தில் பரப்பிக் காய வைத்து, சாயங்காலம் அதே மோரில் திரும்பப் போட வேண்டும். மோர் முழுவதும் காய்க்குள் இறங்கும்வரை மூன்று நான்கு நாள் இப்படிச் செய்து, பிறகு கலகலவென்று சத்தம் வரும்வரை காய வைத்தால் வருடம் முழுக்கக் கெடாது. வாய் கசந்து கிடக்கும் காய்ச்சல்காரருக்கு நல்லெண்ணெயில் வறுத்த அந்த வற்றலும் சுடு சோறும் போதும். சித்திரை வெயிலில் கூழ்வடகம் பிழிவதும் இதே மாடியில்தான். பழைய வேட்டியை விரித்து விடிகாலையில் பிழிந்தால் வேட்டி நிறைவதற்குள் தெருப் பிள்ளைகள் நாலு பேர் காக்காய் விரட்ட வந்துவிடுவார்கள். சாவி தராத வீட்டில் இருந்த இரண்டு வருடம் நான் வடகமே போடவில்லை. அந்த இரண்டு வருடமும் என் மகளுக்கு வடகம் என்றால் கடை பாக்கெட்தான்.

தண்ணீர் வீணாகிறது என்றும் வீட்டுக்காரர்கள் சொல்வார்கள். அரிசி, பருப்பு, காய் கழுவும் தண்ணீரை ஒரு குடத்தில் சேர்த்து வைத்தால் என் 14 வாளிகளுக்கும் பெரும்பாலான நாள் போதுகிறது. கோடையில்தான் மேற்கொண்டு ஒரு குடம் ஏறும். காய்கறித் தோல், டீத்தூள், சருகு எல்லாம் மூடியில் ஓட்டை போட்ட டிரம்முக்குள் போய் எருவாகிவிடுகின்றன. குப்பை வண்டிக்கு எங்கள் வீட்டிலிருந்து போவது பிளாஸ்டிக் கவர்தான்.

தோட்டக்கலைத் துறை மானிய விலையில் மாடித்தோட்டத் தளை கொடுத்துவருகிறது. பை, நார்க்கழிவுக் கட்டி, காய்கறி விதை, அசோஸ்பைரில்லம், பாஸ்போபாக்டீரியா, வேப்பெண்ணெய் எல்லாம் அதில் உண்டு. நல்ல திட்டம், நானும் பயன்பெற்றவள். ஆனால் அதை வாங்கி வந்து வைக்க மாடி வேண்டும். சட்டத்தையும் பாருங்கள். மத்திய அரசின் 2021 மாதிரி வாடகைச் சட்டம் குடியிருப்பவர் செய்ய வேண்டிய பராமரிப்புகளை அட்டவணை போட்டுச் சொல்கிறது. குழாய் வாஷர் மாற்றுவதிலிருந்து, வாடகைக்கு விட்ட தோட்டத்தையும் திறந்த வெளியையும் பேணுவது வரை அதில் இருக்கின்றன. இருக்கும் தோட்டத்தைப் பேணும் பொறுப்பு எங்களுடையது என்றால், இல்லாத இடத்தில் ஒன்றை உண்டாக்கவும் எங்களுக்கு இடம் கொடுப்பதுதான் நியாயம்.

தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கும் வாடகைச் சட்டப்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். எப்படியும் எழுதத்தான் போகிறோம், கூட நான்கு வரி எழுதினால் என்ன? எங்கள் இப்போதைய ஒப்பந்தத்தில் வீட்டுக்கார அய்யாவைக் கேட்டு நான் சேர்த்த வாசகம் இது: "குடியிருப்பவர் மொட்டை மாடியைச் செடி வளர்க்கவும் உணவுப் பொருள் உலர்த்தவும் பயன்படுத்தலாம். தொட்டிகள் தளத்தைத் தொடாமல் வைக்கப்படும். நீர் வடியும் வழியைக் குடியிருப்பவர் சுத்தமாக வைத்திருப்பார். செடிகளால் தளத்துக்குச் சேதம் வந்தால் அவரே சரிசெய்து தருவார்." அய்யா இரண்டு தடவை படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். தோட்டக்கலைத் துறை தளையோடு கொடுக்கும் கையேட்டில் இப்படி ஒரு மாதிரி வாசகத்தையும் அச்சடித்தால், கேட்கக் கூச்சப்படும் எத்தனையோ பேருக்கு அது துணையாக இருக்கும்.

வீடு பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்குச் சொல்கிறேன். அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் மாடி ஏறிப் பாருங்கள், சாவியைக் கேளுங்கள். வீட்டுக்காரர்களே, உங்கள் மாடிகள் நாள் முழுக்க வெயிலில் சும்மா கிடக்கின்றன. பொறுப்பாகப் பார்த்துக்கொள்கிறோம், சாவியைக் கொடுங்கள்.