காண்டிராக்டரே கட்டுவார், அவரே சரி பார்ப்பாரா?

வடகரையில் இன்று ஒருவர் வீடு கட்ட நினைத்தால் அவருக்கு 3 வழிகள் இருக்கின்றன. கொத்தனாரையும் சித்தாளையும் நாள் கூலிக்கு வைத்துக் கட்டலாம். செங்கல், சிமெண்டு, கம்பி எல்லாம் தானே வாங்கிப் போட்டு, வேலையை மட்டும் சதுர அடிக்கு இவ்வளவு என்று கூலி காண்டிராக்டு விடலாம். பிளான், பொருள், கூலி எல்லாவற்றையும் ஒருவர் பொறுப்பில் விட்டு முழு காண்டிராக்டும் பேசலாம்.

இதில் எது நல்லது? டீக்கடையிலும் தென்காசி பஸ்சிலும் இந்தப் பேச்சு ஓயாது. "கூலி காண்டிராக்டு விட்டேன், சிமெண்டு தண்ணியா கரைஞ்சு போச்சு" என்பார் ஒருவர். "முழு காண்டிராக்டு விட்டேன், முதல் மழையிலேயே ஒழுகுது" என்பார் இன்னொருவர். இரண்டு பேர் சொல்வதும் உண்மைதான். ஆனால் இரண்டு பேருமே கேட்காமல் விட்ட கேள்வி ஒன்று இருக்கிறது. கட்டுவது ஒருவர் என்றால், கட்டியதைச் சரி பார்ப்பது யார்?

நாற்காலி போட்டு உட்கார்ந்தவர்

நாள் கூலி பழைய முறை. வீட்டுக்காரர் காலையிலேயே வந்து வேப்ப மரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து விடுவார். கலவையில் தண்ணீர் கூடினால் சத்தம் போடுவார். சாயங்காலம் சுவருக்குத் தண்ணீர் விட்ட பிறகுதான் வீட்டுக்குப் போவார். வேலை மெதுவாகத்தான் நடக்கும். ஜூன் பிறந்து குற்றாலச் சாரல் இந்தப் பக்கம் எட்டிப் பார்த்தால் வெளிப்பூச்சு நின்றே போகும். செலவு எங்கே போய் முடியும் என்று யாருக்கும் தெரியாது. ஆனால் சரி பார்க்க ஓர் ஆள் இருந்தார். அவர் வீட்டுக்காரரே.

இன்று அந்த நாற்காலி காலி. வடகரை, அச்சன்புதூர், கடையநல்லூர் பக்கம் வளைகுடா நாடுகளில் சம்பாதித்து வீடு கட்டுவோர் ஏராளம். அவர் அங்கே வேலையில் இருப்பார். இங்கே மாமனார் சைட்டுக்குப் போய் வருவார். மாமனாருக்கு மளிகைக் கணக்கு தெரியும், கம்பிக் கணக்கு தெரியாது. இந்த நிலையில்தான் முழு காண்டிராக்டு வந்து நிற்கிறது. "அண்ணாச்சி, நீங்க பணத்தை மட்டும் அனுப்புங்க. சாவியைக் கையில தந்திடுறேன்!"

கேட்க இனிப்பாகத்தான் இருக்கிறது. லீவு கிடைக்காதவருக்கு வேறு என்ன வழி?

12-ம் 10-ம்

காண்டிராக்டர்கள் எல்லோரும் ஏமாற்றுகிறவர்கள் அல்ல. பேர் கெடாமல் 20, 30 வருடம் தொழில் செய்கிறவர்கள் இந்தப் பகுதியிலேயே உண்டு. கோளாறு ஆளிடம் இல்லை, பேசுகிற விதத்தில்தான் இருக்கிறது.

3 பேரிடம் ரேட்டு கேட்பார்கள். யார் குறைவோ அவருக்கு வேலை. சதுர அடிக்கு 100 ரூபாய் குறைத்தால் 1,200 சதுர அடி வீட்டுக்கு 1 லட்சத்து 20 ஆயிரம் மிச்சம் என்று வீட்டுக்காரர் மகிழ்வார். அந்த 1 லட்சத்து 20 ஆயிரத்தை காண்டிராக்டர் தன் பையில் இருந்தா போடுவார்?

கம்பியைப் பாருங்கள். 12 மில்லி மீட்டர் கம்பி மீட்டருக்கு 888 கிராம் நிற்கும். 10 மில்லி மீட்டர் கம்பி 617 கிராம்தான். ஒரு தூணில் 12 போட வேண்டிய இடத்தில் 10 போட்டால் இரும்பு நூற்றுக்கு 30 பங்கு குறைந்து விடுகிறது. கான்கிரீட் ஊற்றிய பிறகு யார் தோண்டிப் பார்ப்பது? தூண் வெளியே அதே தடிமன்தான். பெயிண்டு அடித்தால் அதே அழகுதான்.

கூலி காண்டிராக்டில் இந்தத் தொல்லை இல்லை, கம்பியை வீட்டுக்காரர்தான் வாங்குகிறார் என்பார்கள். வாங்குகிறார், சரி. அங்கே வேறு தொல்லை. சிமெண்டு அவர் காசு. அதனால் அது வீணாவது பற்றி வேலைக்காரருக்கு கவலை கிடையாது. கூலி சதுர அடிக் கணக்கு. அதனால் சீக்கிரம் முடித்துவிட்டு அடுத்த சைட்டுக்கு ஓட வேண்டும். தண்ணீர் விட்டு ஊற வைக்க எங்கே நேரம்? இப்போது பெரும்பாலும் விற்பது சாம்பல் கலந்த பி.பி.சி. சிமெண்டு. கான்கிரீட்டை அதற்கு குறைந்தது 10 நாளாவது ஈரமாக வைக்க வேண்டும் என்பது இந்தியத் தர விதி. 3-வது நாளே ஓஸ் பைப்பைச் சுருட்டி வைக்கிற சைட்டுகள் எத்தனை!

அடுத்தது "எக்ஸ்ட்ரா" தகராறு. சதுர அடி ரேட்டில் தண்ணீர்த் தொட்டி உண்டா? செப்டிக் டேங்க் உண்டா? மாடிப்படி மேல் அறையும் சன்ஷேடும் அளவில் சேருமா? முதல் நாள் யாரும் கேட்பதில்லை. பாதி வீடு எழும்பிய பிறகு கேட்கிறார்கள். அப்போது சண்டை.

காண்டிராக்டர் பக்கமும் நியாயம் இருக்கிறது. 2025 ஏப்ரலில் குவாரி, கிரஷர் உரிமையாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். எம்-சாண்டும் ஜல்லியும் கிடைப்பதே கஷ்டம் ஆயிற்று, விலையும் ஏறியது. தென்காசி மாவட்டத்துக் கல்லும் மணலும் புளியரை வழியாக லாரி லாரியாக கேரளாவுக்குப் போவது ஊரறிந்த சங்கதி. 6 மாதம் முன்பு பேசிய ரேட்டில் அவர் எப்படி முடிப்பார்? போதாக்குறைக்கு வீட்டுக்காரர் போனில், "மச்சான் வீட்டுல பார்த்தேன், அந்த மாதிரி பால்கனி வேணும்" என்பார். பணத்தையும் 2 மாதம் கழித்து அனுப்புவார்.

சர்க்கார் என்ன செய்தது?

1985-ல் ஏழைகளுக்கு இந்திரா நினைவு குடியிருப்புத் திட்டம் வந்தது. அதில் காண்டிராக்டரை நுழைய விடக்கூடாது, பயனாளியே கட்ட வேண்டும் என்று விதி போட்டார்கள். 2016-ல் அதன் இடத்துக்கு வந்த பிரதமர் வீடு கட்டும் திட்டத்திலும் கிராமப்புறத்துக்கு அதே விதிதான். அஸ்திவாரம், லிண்டல், கூரை என்று கட்டம் கட்டமாக போட்டோ எடுத்து, அதைப் பார்த்து தவணைப் பணம் வரும். 2024-ல் தமிழக அரசு தொடங்கிய கலைஞர் கனவு இல்லம் திட்டத்திலும் ஒரு வீட்டுக்கு 3½ லட்சம் ரூபாய் கட்டம் கட்டமாகத்தான் வருகிறது.

2001-ல் குஜராத் பூகம்பத்தில் லட்சக்கணக்கான வீடுகள் விழுந்தன. அங்கே பெரும்பாலான வீடுகளை மக்களே கட்டிக்கொண்டார்கள். ஆனால் ஒவ்வொரு தவணைக்கு முன்பும் என்ஜினீயர் வந்து பார்த்துக் கையெழுத்துப் போட்டாக வேண்டும். கட்டியவர் வேறு, சரி பார்த்தவர் வேறு.

சர்க்கார் தன் கட்டிடங்களை காண்டிராக்டு விடும்போதும் இதே ஏற்பாடுதான். அளவெடுத்து எம்.புக்கில் எழுதுபவர் காண்டிராக்டர் அல்ல, என்ஜினீயர். அப்படி இருந்தும் 2021-ல் சென்னை புளியந்தோப்பு கே.பி. பார்க் குடியிருப்பில் பூச்சு விரல் பட்டாலே உதிர்ந்தது. ஐ.ஐ.டி. நிபுணர்களை அழைத்து ஆராய வேண்டி வந்தது. சரி பார்க்கிறவர் சரியாகப் பார்க்காவிட்டால் அந்தக் கதிதான். சரி பார்க்கவே ஆள் இல்லாவிட்டால்? 2014 ஜூன் 28-ந் தேதி சென்னை மவுலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த 11 மாடி கட்டிடம் இடிந்து 61 பேர் செத்தார்கள். கட்டுமானக் கணக்கிலேயே கோளாறு இருந்தது பிறகுதான் வெளியே வந்தது. பக்கத்தில் நின்ற இன்னொரு கட்டிடத்தை 2016-ல் வெடி வைத்து தகர்த்தார்கள்.

அங்கே 11 மாடி, இங்கே மாடி ஒன்றுதானே என்று வடகரைக்காரர் நினைக்கலாம். இங்கே இன்னொரு மாற்றமும் நடந்திருக்கிறது. 2024 ஜூலையில் தமிழக அரசு சுய சான்றிதழ் முறையைக் கொண்டு வந்தது. 2,500 சதுர அடிக்குள் மனை, 3,500 சதுர அடிக்குள் கட்டிடம் என்றால் ஆன்லைனில் விண்ணப்பித்து உடனே அனுமதி வாங்கலாம். அதிகாரி நேரில் வந்து பார்ப்பது இல்லை. கட்டி முடித்த பிறகு முடிவுச் சான்றும் வேண்டாம். அலைச்சல் குறைந்தது, மேஜைக்கு அடியில் நீட்டுவதும் குறைந்தது. அந்த மட்டில் நல்ல காரியம். ஆனால் பேருக்காவது வந்து பார்த்துக்கொண்டிருந்த ஆளும் இப்போது வருவது இல்லை. முழு காண்டிராக்டு வீட்டில் பிளான் போட்டவர், கட்டியவர், "நல்லா இருக்கு" என்று வாட்ஸ்-அப்பில் போட்டோ அனுப்புபவர் எல்லாம் ஒருவரே!

போட்டோவில் கம்பியை எண்ணலாம். கலவையில் எத்தனை பாண்டு மணல் போட்டார்கள் என்று போட்டோ சொல்லாது. அஸ்திவாரக் குழி கெட்டித் தரை வரை போயிற்றா என்றும் சொல்லாது.

யார் காசு கொடுப்பது?

வெளிநாட்டில் இருப்பவருக்கு முழு காண்டிராக்டுதான் தோது. அது வேண்டாம் என்று சொல்வதில் அர்த்தம் இல்லை. ஆனால் வேறு ஒரு என்ஜினீயரை, காண்டிராக்டர் கூட்டி வராத என்ஜினீயரை, வீட்டுக்காரரே சம்பளம் கொடுத்து வைக்க வேண்டும். அவர் தினமும் வர வேண்டாம். வானம் தோண்டி முடித்ததும் ஒரு தடவை, தூணுக்கு கம்பி கட்டியதும் ஒரு தடவை, கூரை கான்கிரீட் போடுகிற அன்று முழு நாள். அவர் "சரி" என்று எழுதிக் கொடுத்தால்தான் அடுத்த தவணை. இந்த நிபந்தனை ஒப்பந்தத்திலேயே இருக்க வேண்டும். கடைசித் தவணையில் ஒரு பகுதியை ஒரு மழைக்காலம் தாண்டும் வரை பிடித்து வைக்க வேண்டும். நேர்மையான காண்டிராக்டர் இதற்கு முகம் சுளிக்க மாட்டார்.

"வீண் செலவு" என்பார்கள். தலைவாசல் தேக்குக்கும் ஹால் கிரானைட்டுக்கும் கணக்குப் பார்க்காதவர்கள், அஸ்திவாரம் பார்க்க வரும் என்ஜினீயருக்கு மட்டும் கணக்குப் பார்ப்பது வேடிக்கை.

தகராறு வந்தால் ரெராவுக்குப் போகலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். அது மனை போட்டு, அடுக்குமாடி கட்டி விற்பவர்களுக்கான சட்டம். சொந்த மனையில் ஒரே வீடு கட்டுகிறவருக்கு கை கொடுக்காது. நுகர்வோர் கோர்ட்டு உண்டு, 2 வருடத்துக்குள் போக வேண்டும். ஒப்பந்தக் காகிதம் இல்லாமல் போய் அங்கே எதைக் காட்டுவது?

பேரூராட்சியும் ஒரு வேலை செய்யலாம். பதிவு பெற்ற என்ஜினீயர்களின் பட்டியலைத் தமிழில் அச்சடித்து ஆபீஸ் வாசலில் ஒட்டலாம். எந்தெந்த கட்டத்தில் என்னென்ன பார்க்க வேண்டும் என்று ஒரு பக்கத் தாளை அனுமதி வாங்குகிற ஒவ்வொருவருக்கும் கொடுக்கலாம். பைசா செலவு அதிகம் இல்லை. தை பிறந்தால் வானம் தோண்ட நாள் பார்ப்பார்கள். மார்கழிக்குள் அந்தத் தாள் வந்துவிட்டால் மாமனார் அதைக் கையில் வைத்துக்கொண்டு சைட்டுக்குப் போவார்.