சுவையைக் குற்றமாக்கும் வகுப்பறை

கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலும் பிரிக்பீல்ட்ஸ் கடைத்தெருவிலும் மாலை வேளைகளில் சீருடை களையாத மாணாக்கர் கூடிநின்று உரையாடுவதைக் காணலாம். ஒருவன் பாடலொன்றின் சொல்லாட்சியைப் புகழ்வான். மற்றொருவன் திரைப்படக் காட்சியொன்றன் குறையை எடுத்துரைப்பான். அவர்களே மறுநாள் தமிழ் இலக்கிய வகுப்பில் ஊமையராய் அமர்ந்திருப்பர். இம்மௌனத்திற்குக் காரணம் யாது?

"திரைப்படமும் இசையும் மாணவனைக் கெடுத்துவிட்டன" என்பதே தமிழாசிரியர் பலரது விடை. எளிய விடைதான், ஆனால் உண்மையன்று. திரை தமிழுக்குப் பகையெனின், கருநாடக இசையுலகில் பெரும்புகழ் பெற்ற பாபநாசம் சிவன், தியாகராஜ பாகவதருக்குத் திரைப்பாடல் யாத்ததை என்னென்பது? பாரதிதாசனின் மாணவரான பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் (1930-1959) உழைப்பாளியின் குரலை ஒலிக்கச் செய்ததும் திரைப்பாடலில்தானே? இம்மண்ணிலேயே சான்றுண்டு. யோகி பி. நட்சத்திரா குழுவினர் 2006ஆம் ஆண்டு 'வல்லவன்' இசைத்தொகுப்பை வெளியிட்டனர். மறு ஆண்டே தமிழகத்தின் 'பொல்லாதவன்' படத்தில் யோகி பி.யின் குரல் ஒலித்தது. எதுகையும் மோனையும் அப்பாடல்களில் துள்ளுகின்றன. யாப்பு கற்பிக்க இதனினும் எளிய வாயில் வேறு உண்டோ?

சுவையை மதியாத பள்ளி எதை இழக்கும் என்பதைச் சஞ்சய் குமார் பெருமாள் இயக்கிய 'ஜகாத்' (2015) காட்டியது. தோட்டத்தை இழந்து புறம்போக்கு நிலத்தில் குடியேறிய எளிய குடும்பம். கற்பனையும் துறுதுறுப்பும் மிக்க சிறுவன் அப்போய். படிப்பு ஒன்றையே வற்புறுத்தும் தந்தை. வீடும் பள்ளியும் அவனைப் புரிந்துகொள்ளவில்லை. குண்டர் உலகமோ கைநீட்டி அழைக்கிறது. 2016இல் 28ஆவது மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியத் திரைப்படம் என்னும் விருதை அப்படம் பெற்றது. சமுதாயம் கைதட்டியது. எத்தனை ஆசிரியர் அதைக் குற்றப்பத்திரிகையாகக் கண்டனர்?

எஸ்.பி.எம். தேர்வில் பத்துப் பாடங்களே எழுதலாம் என்று 2009இல் வரம்பு அறிவிக்கப்பட்டபோது தமிழர் குரலெழுப்பினர். தமிழ்மொழி, தமிழ் இலக்கியம் ஆகிய இரண்டையும் சேர்த்துப் பன்னிரண்டு எழுத வழி பிறந்தது. போராடிப் பெற்ற அவ்விலக்கியப் பாடம் பல வகுப்பறைகளில் மனப்பாடக் குறிப்பாய்ச் சுருங்கிக் கிடக்கிறது. நாவலைப் படியாமலே நாவல் வினாவுக்கு விடை எழுதும் வித்தையைக் கற்பித்துவிட்டு, "மாணவருக்கு வாசிப்பில்லை" என்று வருந்துவது முறையாகுமா?

ஆறாம் ஆண்டுக்குரிய யு.பி.எஸ்.ஆர். 2021இலும், மூன்றாம் படிவத்துக்குரிய பி.தி.3 2022இலும் அகற்றப்பட்டன. தேர்வுமேல் பழிபோட்டவர் பலர். அத்தேர்வுகள் போனபின்னும் பழைய முறை போகவில்லையெனின் பழி யாரைச் சேரும்?

மாணவன் விரும்புவதெல்லாம் நல்லதன்று என்பர். மெய்யே. வன்முறையைப் போற்றும் படமுண்டு. பெண்ணை இழிவுபடுத்தும் பாட்டுமுண்டு. அதனாலன்றோ ஆசிரியர் வேண்டும்? தடைவிதிப்பதால் தரமறியும் கண் திறவாது. ஒப்பிட்டுக் காட்டினால் திறக்கும். வாரத்தில் ஒரு பாடவேளை போதும். மாணவன் தான் விரும்பும் பாடலைக் கொணரட்டும். அதன் சொல்லையும் பொருளையும் வகுப்பு ஆராயட்டும். 'ஜகாத்' கண்டவன் அதற்கு ஒரு பக்கத் திறனாய்வு எழுதட்டும். தன் முன்னோர் பட்ட பாட்டை அறிய விரும்புவோன் கையில் ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' நாவலை ஆசிரியர் கொடுக்கட்டும். அதற்கு முன் அவர் அதைப் படித்திருக்கட்டும்!

சுவைப்பவனே வாசகனாவான், வாசகனே எழுத்தாளனாவான். கடைத்தெருவில் பேசும் மாணவனை வகுப்பறையில் ஊமையாக்கிவிட்டு, நாளைய எழுத்தாளனை எங்கிருந்து தேடுவது?