துறைமுகக் கமிஷனர்களும் பெயர்ப் பட்டியலும்

அமெரிக்காவின் மேற்குக் கோடியிலுள்ள வாஷிங்டன் ராஜ்யத்தில், கடலைக் கண்ணாலும் காணாத கோதுமைக் காட்டு ஜில்லாக்களிலுங்கூட “துறைமுக ஸ்தாபனம்” என்று ஒன்று உண்டென்றால் உங்களில் பலர் நம்பமாட்டீர்கள். உண்மையில் உண்டு. ஆற்றங்கரையில் கோதுமையைப் படகில் ஏற்றுகிற இடந்தான் அங்குத் துறைமுகம். அதை நடத்துகிறவர்கள் கவர்னரால் நியமிக்கப்பட்டவர்களுமல்லர், ஏதோ ஒரு கம்பெனியின் ஏஜெண்டுகளுமல்லர். அந்த ஜில்லா ஜனங்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிற கமிஷனர்கள். கிராமத்து ஸ்தாபனங்களில் பெரும்பாலும் மூன்று பேர்.

இந்த ஸ்தாபனங்கள் தங்களுடைய பழைய கமிஷனர்களின் பெயர்களை, இன்ன வருஷம் முதல் இன்ன வருஷம் வரையில் என்று வரிசையாக எழுதி வைத்துக்கொள்வது வழக்கம். அந்த வரிசையைப் பார்த்தவுடன், “ஆகா! எப்பேர்ப்பட்ட பெரியவர்கள்! அவர்களல்லவோ நமக்கு ஆற்றைக் கொடுத்தார்கள்!” என்று கைகட்டி நிற்கிற புத்தி எங்கும் உண்டு. அந்தப் புத்தியைப்பற்றித்தான் நாம் இங்கு எழுதுகின்றோம். பெயரும் வருஷமும் சரித்திரமாகிவிடுமா? யாருடைய பணத்தைக்கொண்டு, யாருடைய சம்மதத்தின் பேரில், யாருக்காக என்ன செய்தார்கள் என்று கேட்காத வரையில், அந்தப் பட்டியலுக்கும் திதி கொடுக்கிறபோது சொல்லுகிற மூன்று தலைமுறைப் பெயர்களுக்கும் என்ன வித்தியாசம்?

முதலில் நல்லதைச் சொல்லிவிடுவோம். ஏனென்றால் நல்லது நிறைய இருக்கின்றது. 1911-ம் வருஷத்தில் வாஷிங்டன் ராஜ்யத்துச் சட்டசபை துறைமுக ஜில்லாச் சட்டத்தைச் செய்தது. அதற்குமுன் சியாட்டில், டகோமா போன்ற பட்டணங்களில் கடற்கரை ரயில் கம்பெனிகளின் பிடியில் இருந்தது. சரக்கை இறக்க வேண்டுமானாலும் ஏற்ற வேண்டுமானாலும் கம்பெனிக்காரன் சொன்னதுதான் கூலி, வைத்ததுதான் சட்டம். பொதுஜனங்கள் கூடித் தங்களுக்கென்று துறைமுகம் வைத்துக்கொள்ளலாம், அதற்கு வரி போட்டுக்கொள்ளலாம், அதை நடத்தத் தாங்களே ஆட்களைத் தேர்ந்தெடுக்கலாம் என்று அந்தச் சட்டம் சொல்லிற்று. அதே வருஷம் செப்டம்பரில் சியாட்டில் ஜனங்கள் ஓட்டுப் போட்டு முதல் துறைமுகத்தை ஏற்படுத்தினார்கள். முதல் மூன்று கமிஷனர்களில் ஒருவரான ராபர்ட் பிரிட்ஜஸ் ஒரு காலத்தில் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை செய்தவர். சுரங்கத்தில் கரி வெட்டினவன் கப்பல்துறைக்கு அதிகாரியாக வந்து ரயில் முதலாளிகளுக்கு எதிரில் உட்காரலாமென்றால், அது பிறப்பாலோ தாசில் சிபார்சாலோ வந்த யோக்கியதையல்ல. சாதாரண மனிதன் போட்ட ஓட்டால் வந்த யோக்கியதை. இதை நாம் எந்த ராஜாவின் பட்டாபிஷேகத்தைவிடவும் பெரிதாகவே மதிக்கின்றோம்.

பட்டணத்தில் கிளம்பிய இந்த ஏற்பாடு பிறகு கிராமங்களுக்கும் போயிற்று. இப்போது அந்த ராஜ்யத்தில் சுமார் 75 துறைமுக ஜில்லாக்கள் இருக்கின்றன. அவற்றில் விட்மன் ஜில்லாவின் துறைமுகத்தை எடுத்துக்கொள்வோம். அது பெயர்பெற்ற கோதுமை ஜில்லா. தெற்கே ஸ்நேக் ஆறு, அதாவது பாம்பாறு. அந்த ஜில்லா ஜனங்கள் 1958-ல் ஓட்டுப் போட்டுத் துறைமுக ஸ்தாபனத்தை ஏற்படுத்தினார்கள். வேடிக்கை என்னவென்றால், அப்பொழுது அந்த ஆற்றில் பெரிய சரக்குப் படகு போகிற ஆழத்துக்குத் தண்ணீரே கிடையாது! பாறையும் வேகமும் நிறைந்த ஆறு. அணை கட்டித் தேக்கினால்தான் படகு வரும். 1970-ல் லிட்டில் கூஸ் அணை வந்தபிறகுதான் சென்ட்ரல் பெர்ரி, அல்மோட்டா என்ற கரைகளுக்குத் தேங்கின தண்ணீர் வந்தது. 1975-ல் லோயர் கிரானைட் அணை வந்தபிறகு வில்மா என்ற கரைக்கும் வந்தது. அதாவது பன்னிரண்டு வருஷம் தண்ணீரில்லாத துறைமுகத்துக்குக் கமிஷனர்கள்! இதை நாம் பரிகாசத்திற்காகச் சொல்லவில்லை. வரப்போகிற தண்ணீருக்கு முன்கூட்டியே நிலமும் திட்டமும் தேடி வைத்தது கெட்டிக்காரத்தனந்தான். ரயில்காரன் ஒருவனையே நம்பியிருந்த குடியானவனுக்கு, “நீ கூலியை ஏற்றினால் நான் படகில் போடுகிறேன்” என்று சொல்ல ஒரு வாய் கிடைத்தது. எட்டு அணைகளின் பூட்டுக்கதவுகளைத் தாண்டி, கடலுக்கு 465 மைல் உள்ளே இருக்கிற லூயிஸ்டன் ஊர் வரைக்கும் படகு போகின்றது என்பது சாமானியமான காரியமல்ல.

ஆனால் “எங்கள் பழைய கமிஷனர்கள் ஆற்றைக் கொடுத்தார்கள்” என்பது மட்டும் சுத்தப் பொய். அணைகளுக்கு அனுமதி கொடுத்தது 1945-ல் வாஷிங்டன் நகரத்திலுள்ள காங்கிரஸ் சபை. கட்டியது ராணுவ இஞ்சினீயர் இலாகா. கட்ட வேண்டுமென்று பல வருஷம் கூச்சல் போட்டது, 1934-ல் ஏற்பட்ட உள்நாட்டு நீர்வழிச் சங்கம். பணம் கொடுத்தது அந்த நாடு முழுவதிலுமுள்ள வரி கொடுப்போர். இத்தனை பேர் செய்ததைப் பட்டியலிலுள்ள நாலு பெயரின் தலையில் கிரீடமாக வைப்பது, ஊரார் கட்டின குளத்தைச் சாமி ஒரே இரவில் வெட்டிக் கொடுத்ததாகத் தலபுராணம் எழுதுவதற்குச் சமானமே.

சரி, ஓட்டால் வந்தவர்கள்தானே, அவர்களைக் குறை சொல்ல உமக்கென்ன உரிமை என்று சிலர் கேட்கக்கூடும். ஓட்டால் வந்தவர்கள் என்பதனால்தான் கேட்கின்றோம். பரம்பரையாய் வந்தவனைக் கேட்டுப் பிரயோஜனமில்லை. இந்தக் கமிஷனர்களுக்கு என்னென்ன அதிகாரம் என்று பாருங்கள். நிலம் வாங்கலாம், விற்கலாம், குத்தகைக்கு விடலாம். பொதுக்காரியத்துக்கு என்று ஒருவனுடைய நிலத்தைக் கட்டாயமாய் எடுத்துக்கொள்ளலாம். கடன் பத்திரம் போடலாம். சொத்தின் மதிப்பில் ஆயிரம் டாலருக்கு 45 சென்ட் வரைக்கும் ஜனங்களைக் கேட்காமலே வருஷா வருஷம் வரி போடலாம். இவ்வளவு அதிகாரமுள்ள ஸ்தானத்துக்குக் கிராம ஜில்லாக்களில் பல தடவை ஒரே ஒரு ஆள்தான் நிற்கின்றார். எதிரில் ஆளே இல்லை. ஓட்டுச் சீட்டில் ஒரே பெயர். கட்சிப் பெயரும் கிடையாது. போடுகிறவன் யாரைத் தள்ளிவிட்டு யாரைத் தேர்ந்தெடுத்தான்? பட்டியலில் மட்டும், போட்டியிட்டு ஜெயித்தவனுக்கும் எதிர்ப்பில்லாமல் உட்கார்ந்தவனுக்கும் ஒரே எழுத்து, ஒரே மை!

குடியானவன் அறுவடையில் இருக்கிறான், சம்பளம் சொற்பம், யார் நிற்பார்கள் என்று சமாதானம் சொல்லுவார்கள். வாஸ்தவம், கூட்டத்துக்கு வந்தால் சொற்பப் படிதான். ஆனால் நிற்க ஆள் இல்லாததற்குப் படிக்காசு மட்டுமா காரணம்? இன்னார்தான் அதற்குத் தகுந்தவர், அவர் இருக்கிற வரையில் நாம் நிற்பது மரியாதையல்ல என்கிற அடக்கமும் ஒரு காரணந்தானே? இந்த அடக்கத்துக்கு அடிமைப்புத்தி என்று பெயர். 1971-ல்தான் பொதுக்கூட்டங்களைக் கதவு திறந்து நடத்த வேண்டுமென்று அந்த ராஜ்யத்தில் இப்போதுள்ள சட்டம் வந்தது. அடுத்த வருஷம், 1972-ல், பொது ரிக்கார்டுகளை எவனும் கேட்டுப் பார்க்கலாமென்பதை ஜனங்களே நேராக ஓட்டுப் போட்டுச் சட்டமாக்கிக்கொண்டார்கள். கமிஷனர்கள் மகான்கள் என்று நம்பியிருந்தால் இந்தச் சட்டங்கள் எதற்கு? ஜனங்கள் சந்தேகப்பட்டார்கள். அந்தச் சந்தேகத்தை நாம் மனதாரப் பாராட்டுகின்றோம்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருவோம். ஜில்லா ஜனங்கள் தேர்ந்தெடுத்தார்கள் என்கிறோமே, எந்த ஜனங்கள்? பாம்பாற்றின் கரையில் முதலில் இருந்தவர்கள் கோதுமைக்காரர்களல்லர். பலூஸ், நெஸ் பெர்ஸ் முதலிய பூர்வகுடிகள். 1855-ல் சர்க்கார் அந்தப் பிரதேசத்துக் குடிகளோடு உடன்படிக்கை எழுதி, நிலத்தை வாங்கிக்கொண்டு, வழக்கமாக மீன் பிடிக்கிற இடங்களிலெல்லாம் மீன் பிடிக்கும் உரிமை அவர்களுக்கும் உண்டு என்று ஒப்புக்கொண்டது. 1863-ல் நெஸ் பெர்ஸ்காரர்களுக்கு விட்ட நிலத்தில் பத்தில் ஒன்பது பங்கைத் திரும்பப் பிடுங்கிக்கொண்டது. பலூஸ் ஜனங்கள் ஆற்றங்கரையை விட்டு நாலா பக்கமும் சிதறினார்கள்; அவர்களுடைய சந்ததியார் கால்வில், யாக்கமா, உமட்டில்லா, நெஸ் பெர்ஸ் ஒதுக்கு நிலங்களில் இருக்கின்றார்கள். ராஜ்யத்தின் 1889-ம் வருஷத்து அரசியல் சட்டம், வரி கொடாத பூர்வகுடிக்கு ஓட்டுக் கிடையாது என்று எழுதிற்று. 1924-ல் அவர்களெல்லாரும் அமெரிக்கப் பிரஜைகள் என்று சட்டம் ஆனபிறகும், அந்த வாசகம் 1974 வரையில் புஸ்தகத்திலிருந்து எடுக்கப்படவில்லை.

வாசகம் போனபிறகாவது என்ன ஆயிற்று? துறைமுக எலெக்ஷனில் அந்த ஜில்லாவில் குடியிருக்கிறவனுக்குத்தான் ஓட்டு. ஆற்றங்கரையிலிருந்து துரத்தப்பட்டவன் வேறு ஜில்லாவில், சில பேர் வேறு ராஜ்யத்தில் இருக்கின்றான். ஆகவே அவன் பாட்டனுடைய கிராமம் தண்ணீருக்குள் போவதைப்பற்றி அவன் ஓட்டுப் போட முடியாது; அவனைத் துரத்திவிட்டு வந்து குடியேறினவனுடைய பேரன் போடலாம். முதலில் வீட்டைவிட்டுத் துரத்துவது, பிறகு “வீட்டில் இருக்கிறவர்களைக் கேட்டுத்தான் செய்தோம்” என்பது! இதைவிடப் பெரிய பித்தலாட்டம் வேறு இருக்க முடியுமா? பட்டியலிலுள்ள தனி மனிதர்கள் இதைச் செய்தார்களென்று நாம் சொல்லவில்லை. அவர்கள் பிறப்பதற்கு முன்பே துரத்தல் நடந்துவிட்டது. ஆனால் அந்தத் துரத்தலின்மேல் போட்ட ஓட்டுப் பெட்டியைக் காட்டி, இதுவே பூரண ஜனநாயகம் என்று பெருமை பேசுவதைத்தான் கண்டிக்கின்றோம்.

1969-ல் லோயர் மானுமென்டல் அணையின் தண்ணீர் ஏறினபோது, பலூஸ் ஆறு கலக்கிற இடத்திலிருந்த பழைய கிராமத்து நிலம் மூழ்கிற்று. அதற்குச் சமீபத்தில் மார்ம்ஸ் என்ற பாறைக் குகையில் சுமார் பத்தாயிரம் வருஷத்துக்கு முந்திய மனித எலும்புகள் கிடைத்திருந்தன. அதைக் காப்பாற்ற ஒரு தடுப்புக்கரை கட்டினார்கள். சரளை மண் வழியாகத் தண்ணீர் ஊறி உள்ளே வந்து குகையும் முழுகிற்று. மனித வர்க்கத்தின் சரித்திரத்தில் ஒரு பக்கம், கோதுமைப் படகு மிதக்கிற தண்ணீருக்கு அடியில் கிடக்கின்றது.

மீன்களின் கதி தெரிந்ததே. பாம்பாற்றுச் சாக்ஐ சால்மன் 1991-ல் அழியும் நிலையிலுள்ள ஜாதி என்று சட்டப்படி குறிக்கப்பட்டது. 1992-ல் ஐடஹோ மலைமேலுள்ள ரெட்பிஷ் ஏரிக்குக் கடலிலிருந்து திரும்பி வந்தது ஒரே ஒரு மீன்! அளவுக்கு மிஞ்சிப் பிடித்தது, கடலில் ஏற்பட்ட மாறுதல் என்று வேறு காரணங்களும் உண்டு. அணை மட்டுமே காரணமென்று நாம் சாதிக்கவில்லை. ஆனால் மீனில்லாத ஆற்றில் மீன் பிடிக்கும் உரிமையை வைத்துக்கொண்டு ஒருவன் என்ன செய்வான்?

இவ்விடத்தில் இன்னொரு பெயரைப்பற்றிச் சொல்லாமலிருக்க முடியவில்லை. ஜில்லாவுக்கு வைத்த பெயரே மார்க்கஸ் விட்மன் என்ற பாதிரி வைத்தியருடையது. 1847-ல் கயூஸ் என்ற பூர்வகுடியினரால் கொல்லப்பட்டவர். அவர் குளிர்காலத்தில் குதிரைமேல் கிழக்கே ஓடி, அந்தப் பிரதேசத்தை ஆங்கிலேயனிடமிருந்து காப்பாற்றினார் என்று ஒரு கதை கட்டி, பள்ளிப் பிள்ளைகளுக்குப் புகட்டினார்கள். போனது உண்மை, காப்பாற்றினது கட்டுக்கதை என்று 1900-த்தை ஒட்டியே சரித்திர ஆசிரியர்கள் காட்டிவிட்டார்கள். அப்படியிருந்தும் 1953-ல் அமெரிக்கக் காங்கிரஸ் கட்டடத்தில் அவர் சிலையைக் கொண்டுபோய் நிறுத்தினார்கள்! பொய்யென்று தெரிந்து அரை நூற்றாண்டு ஆனபிறகு சிலை. பெயருக்கும் படத்துக்கும் இருக்கிற மவுசு உண்மைக்கு இல்லை. ஆனால் 2021-ல் அதே ராஜ்யத்துச் சட்டசபை, அந்தச் சிலையை எடுத்துவிட்டு பில்லி பிராங்க் என்பவருடைய சிலையை வைப்பதென்று தீர்மானித்தது. அவர் நிஸ்குவாலிப் பூர்வகுடி. உடன்படிக்கைப்படி மீன் பிடித்ததற்காக ஐம்பது தடவைக்குமேல் கைது செய்யப்பட்டவர். வைத்த பெயரை எடுக்க முடியுமென்பதற்கு இதைவிட அத்தாட்சி வேண்டுமா?

இப்பொழுது சண்டை முற்றியிருக்கின்றது. பாம்பாற்றின் நான்கு அணைகளை உடைத்துவிடலாமா என்பது கேள்வி. 2023 டிசம்பரில் மத்திய சர்க்கார் பூர்வகுடிகளோடும் இரண்டு ராஜ்யங்களோடும் ஒப்பந்தம் செய்தது. 2025 ஜூனில் அடுத்த ஜனாதிபதி அதை ரத்து செய்துவிட்டார். துறைமுகத்தார் கோதுமையை எப்படிக் கொண்டுபோவது, ரயில்காரன் மறுபடியும் கழுத்தைப் பிடிப்பானே என்கிறார்கள். அந்தப் பயம் பொய்யல்ல. 2015-ல் போர்ட்லண்டுக்கு வந்துகொண்டிருந்த பெரிய கப்பல் கம்பெனிகள் நின்றவுடன், லூயிஸ்டனிலிருந்து பெட்டிச் சரக்குப் படகும் நின்றுபோயிற்று. தூரத்தில் எவனோ செய்கிற முடிவு ஆற்றங்கரைக் குடியானவனை எப்படிப் பாதிக்குமென்று அவன் கண்டிருக்கிறான். ஆகையால் அணையை உடைப்பதானால் குடியானவனுக்கு ரயிலும் ரோடும் முதலில் வேண்டும். வைத்திருப்பதானால் 1855-ல் கொடுத்த வாக்குக்கு ஈடு வேண்டும். “எங்கள் முன்னோர் ஏற்படுத்தினது, தொடாதே” என்பது மட்டும் இரண்டுக்கும் பதிலாகாது.

பட்டியலைக் கிழித்தெறியும்படி நாம் சொல்லவில்லை. ஒவ்வொரு கமிஷனர் பெயருக்கும் பக்கத்தில், எதிரில் நின்றவர் யார், எத்தனை ஓட்டு, அவர் காலத்தில் எவ்வளவு வரி, எந்த நிலம் யாரிடமிருந்து வந்து யாருக்குக் குத்தகைக்குப் போயிற்று என்பதையும் எழுதட்டும். 1972-ம் வருஷத்துச் சட்டப்படி அந்த ரிக்கார்டுகளை எவனும் கேட்டு வாங்கலாம். அதற்குக் கீழே தண்ணீருக்குள் இருக்கிற ஊர்களின் பெயர்களையும் எழுதட்டும். அவற்றை எப்படி உச்சரிப்பதென்று தெரியாவிட்டால், சொல்லிக்கொடுக்க ஆட்கள் கால்விலிலும் யாக்கமாவிலும் இன்றைக்கும் உயிரோடு இருக்கின்றார்கள்.