பழைய கயிற்றில் ஏற மாட்டோம்

மழைக்காலம் வருமுன் மலைகளில் வாது வெட்டும் வேலை தொடங்கிவிடும். தேயிலைக்கு வெளிச்சம் படவும் கொப்புள நோய் பரவாதிருக்கவும் சவுக்கு மரங்களின் வாதுகளைக் கழிக்க வேண்டும். லயக் கூரைகளுக்கு மேலே சாய்ந்து நிற்கும் மரங்களையும் இறக்க வேண்டும். அவசியமான வேலை, அதை யாரும் மறுக்கவில்லை. மரத்தில் ஏறுகிறவர் எந்தக் கயிற்றை நம்பி ஏறுகிறார் என்பதே நமது கேள்வி.

முன்பு செக்ரோலில் பேர் விழுந்த நமது ஆட்களே இந்த வேலையைச் செய்தார்கள். 1992இல் தோட்ட நிர்வாகம் கம்பனிகளின் கைக்குப் போன பிறகு, பல தோட்டங்களில் இது கொந்தரப்பு வேலையாகிவிட்டது. ஒரு மரத்துக்கு இவ்வளவு என்று விலை கேட்கிறார்கள். யார் குறைத்துச் சொல்கிறாரோ அவருக்கே வேலை.

விலையை எதில் குறைக்கிறார்கள்? மரத்தின் உயரம் குறைவதில்லை. பெட்ரோல் விலையும் குறைவதில்லை. முறையாக வேலை செய்யும் கொந்தரப்புக்காரர் 100 ரூபா சம்பளத்துக்கு ஊழியர் சேமலாப நிதிக்கு 12 ரூபாவும், ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு 3 ரூபாவும் தன் கையிலிருந்து கட்ட வேண்டும். கட்டாதவருக்கு அங்கேயே 15 ரூபா மிச்சம். அடுத்த மிச்சம் கயிற்றிலும் பெல்ட்டிலும். சட்டப்படி நடப்பவர் விலையில் தோற்கிறார். சட்டத்தை மீறுபவர் வேலையை எடுக்கிறார். அடுத்த முறை தோற்றவரும் அதே வழிக்கு வருகிறார்.

இப்படித்தான் கட்டிட வேலையில் பாவித்துக் கழித்த பெல்ட்டுகளும், யாரோ விற்ற பழைய கயிறுகளும் மலைக்கு வந்து சேர்கின்றன. பார்வைக்கு நன்றாகவே இருக்கும். ஆனால் நைலான் கயிறு வெயிலில் கிடந்தாலே பலம் இழக்கும். பற்றரி அசிட் பட்டால் கண்ணுக்குத் தெரியாமல் கெட்டுப்போகும். மேலுறை முழுதாக இருக்க, உள்ளே இழை அறுந்திருக்கலாம். ஒருமுறை ஆள் விழுந்து தாங்கிய பெல்ட்டை மறுபடி பாவிக்கவே கூடாது. தயாரித்த திகதி உள்ள லேபல் கிழிந்துபோன பெல்ட்டின் வயது விற்பவருக்கும் தெரியாது, வாங்குபவருக்கும் தெரியாது. செயின்சோவோடு ஏறுபவரின் நிலை இன்னும் மோசம். வாள் பட்டால் சாதாரணக் கயிறு நொடியில் அறும். அதனால்தான் உள்ளே கம்பி ஓடும் இடுப்புக் கயிறு ஒன்றும், அதோடு இன்னொரு கயிறும் வேண்டும் என்கிறோம்.

ஆபத்து மேலே இருப்பவருக்கு மட்டுமல்ல. வாதோடு குளவிக்கூடு கலைந்தால் கீழே கொழுந்து பறிக்கும் பெண்களைத்தான் அது முதலில் துரத்தும். அவசரமாக வெட்டி முடிக்கும் கொந்தரப்புக்காரர் கூட்டைப் பார்த்துவிட்டா வெட்டுகிறார்?

சட்டத்திலும் ஓட்டை இருக்கிறது. 1942ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் தேயிலைத் தொழிற்சாலைக்குள் இருப்பவரைப் பாதுகாக்கிறது. மலையில் மரத்தில் தொங்குபவரை அது எட்டுவதில்லை. ஆனால் 1934ஆம் ஆண்டின் வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் மலைக்கும் உண்டு. தன் தொழிலின் பகுதியான வேலையைக் கொந்தரப்புக்கு விட்டுவிட்டதால் மட்டும் நிர்வாகம் பொறுப்பிலிருந்து நழுவ முடியாது. வாது வெட்டுவது தேயிலைத் தொழிலின் பகுதி இல்லை என்று எந்தத் துரை சொல்வார்? ஆனால் விழுந்தவர் அன்று அங்கே வேலை செய்தார் என்பதற்கு எழுத்தில் சாட்சி வேண்டும். பெயர் எங்கும் பதியாமல் ஏறுபவரின் குடும்பம் அந்த இடத்தில்தான் தோற்றுப்போகிறது.

இன்னொன்றையும் நமக்குள் பேச வேண்டும். விலையைக் குறைத்து ஏறுகிறவர்கள் வேற்றூர்க்காரர் மட்டுமல்லர். நம் லயத்துப் பிள்ளைகளும்தான். சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருக்கும் பையன், கையில் நாலு காசு கிடைக்கும் என்று ஏறுகிறான். 18 வயது நிரம்பாதவரை ஆபத்தான தொழிலில் அமர்த்தச் சட்டம் இடம் தராது. அவனைத் திட்டிப் பயனில்லை. அவனை ஏற்றி விடுகிறவரைத் தடுக்க வேண்டும். அவன் தாய் தகப்பனிடமும் பேச வேண்டும். "அவன் ஐந்நூறு குறைத்து வெட்டுகிறான், நான் அறுநூறு குறைக்கிறேன்" என்று அண்ணனும் தம்பியும் போட்டி போட்டால் லாபம் யாருக்கு?

நிர்வாகங்களிடம் நாம் வைக்கும் கோரிக்கைகள் இவை:

1. கயிறு, பெல்ட், தலைக்கவசம் ஆகியவற்றைத் தோட்டமே புதிதாக வாங்கிக் கொடுக்க வேண்டும். வாங்கிய திகதியைப் பதிவேட்டில் எழுத வேண்டும். பழுதானதை வெட்டி எறிய வேண்டும்.

2. விலை கேட்கும்போது பாதுகாப்புச் செலவும் சேமலாப நிதியும் தனித்தனியாக எழுதப்பட வேண்டும். அவற்றில் போட்டி கூடாது.

3. ஏறுமுன் ஒவ்வொருவரின் பெயரும் பதியப்பட வேண்டும்.

4. குளவிக்கூடு பார்க்காமல், கீழே உள்ளவர்களை அகற்றாமல் வெட்டக் கூடாது.

தோட்டத் தலைவர்களே, மாதர் சங்கத் தலைவிமாரே! உங்கள் மலையில் அடுத்த மரம் வெட்டப்படுமுன் அந்தக் கயிற்றைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். லேபல் இல்லையென்றால் வேலையை நிறுத்தச் சொல்லுங்கள். மறுத்தால் அன்றே மாவட்டக் காரியாலயத்துக்கு அறிவியுங்கள். தொழில் அலுவலகத்துக்கு எழுதுவது எங்கள் பொறுப்பு. மரம் நாளைக்கும் அங்கேயே நிற்கும். விழுந்த மனிதர் எழும்புவார் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.