மலையேறும் முன் எண்ணெய் மூடியைத் திறந்து பாருங்கள்

பள்ளி விடுமுறை நெருங்கினால் போதும், வானொலிக்கு வரும் அழைப்புகளில் ஒரு கேள்வி தவறாமல் இருக்கும். “கேமரன் மலைக்குப் போறோம். நம்ம கார் டர்போ. ரோன்95 போதுமா, 97 ஊத்தணுமா?”

இதில் பணமும் இருக்கிறது, எஞ்சினின் ஆயுளும் இருக்கிறது. 2025 செப்டம்பர் இறுதியில் பூடி95 திட்டம் வந்தபோது மைகார்டுக்கு ரோன்95 லிட்டர் 1.99 வெள்ளி. அந்த ஆண்டுக் கடைசியில் ரோன்97 மூன்று வெள்ளியைத் தாண்டியிருந்தது. 40 லிட்டர் நிரப்பினால் 40 வெள்ளிக்கு மேல் வித்தியாசம். நாலு பேர் குடும்பத்துக்கு ஒருவேளைச் சாப்பாட்டுக் காசு அது.

முதலில் ஒரு தவறான எண்ணத்தைக் களைவோம். 97 என்றால் 95-ஐவிடச் சக்தி அதிகம் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. அந்த எண், அழுத்தத்தைத் தாங்கும் பொறுமையின் அளவு. எஞ்சினுக்குள் பெட்ரோலும் காற்றும் கலந்து நெருக்கப்படும்போது பிளக் தரும் பொறியில் தீ சீராகப் பரவ வேண்டும். தீ வந்து சேரும் முன்பே மீதிக் கலவை தானாக வெடித்தால் அதுதான் ‘நாக்கிங்’. டின்னுக்குள் கோலிக்குண்டு உருட்டுவது போலச் சத்தம் கேட்கும். எண் கூடக் கூட பெட்ரோல் அவ்வளவு எளிதில் தானாக வெடிக்காது.

டர்போ காற்றைத் திணித்து அனுப்புகிறது. அழுத்தமும் சூடும் கூடுகின்றன. அதனால்தான் சாதாரண எஞ்சினைவிட டர்போவுக்கு இந்த எண் முக்கியம்.

“மலையில் காற்று மெலிசு, குறைந்த எண்ணே போதும்” என்று வாதிடுபவர்களையும் கேட்டிருக்கிறேன். அது பாதி உண்மை. தானா ராத்தா கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,440 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் கீழே இருப்பதைவிட சுமார் 15 விழுக்காடு குறைவு. டர்போ இல்லாத எஞ்சின் அங்கே குறைவாகவே காற்றை இழுக்கும். நாக்கிங் வாய்ப்பும் குறையும். காய்கறித் தோட்டங்களில் இன்றும் ஓடும் பழைய லேண்ட்ரோவர்களைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் காலத்துப் பெட்ரோல் லேண்ட்ரோவர்களின் அழுத்த விகிதம் 7:1, 8:1 என்ற அளவுதான். அவற்றுக்கு இந்தக் கவலையே இல்லை. டர்போ அப்படியல்ல. மெலிந்த காற்றை ஈடுகட்ட அது இன்னும் வேகமாகச் சுழன்று, கீழே தந்த அழுத்தத்தையே மேலேயும் தரப் பார்க்கும். மலைக் குளிர் கொஞ்சம் கைகொடுக்கும், ஆனால் மலையேறினோம் என்பதற்காக எண்ணைக் குறைக்க முடியாது.

அப்படியானால் எதை ஊற்றுவது? எண்ணெய் மூடியின் உட்புறத்தையும் கையேட்டையும் பாருங்கள். அங்கே இரண்டு சொற்கள் முக்கியம்: ‘குறைந்தபட்சம்’, ‘பரிந்துரை’. குறைந்தபட்சம் 95 என்றிருந்தால் 95 தாராளமாகப் போதும். பெரோடுவா அத்திவா, புரோட்டோன் எக்ஸ்50 போன்ற நம் உள்ளூர் டர்போக்கள் 95-ஐ மனத்தில் வைத்தே உருவானவை. அவற்றுக்கு 97 ஊற்றுவது பெரும்பாலும் வீண் செலவு. சில ஐரோப்பிய உயர்ரகக் கார்களில் ‘95 குறைந்தபட்சம், 98 பரிந்துரை’ என்றிருக்கும். 95 ஊற்றினாலும் ஓடும். நாக்கிங்கை உணரும் கருவி பொறி நேரத்தைத் தள்ளிப்போட்டு எஞ்சினைக் காக்கும். அதற்கு விலையாக இழுவை குறையும், எண்ணெய் கூடக் குடிக்கும். குறைந்தபட்சமே 97 அல்லது 98 என்றிருந்தால் மட்டும் பேரமே வேண்டாம். அடிக்கடி நாக்கிங் ஏற்பட்டால் பிஸ்டன் பழுதாகும்; பட்டறைக் கணக்கு ஆயிரக்கணக்கில் வரும்.

தமிழ்நாட்டிலிருந்து வரும் உறவினர்கள் “எங்க ஊரில் 91-லயே டர்போ ஓடிச்சே” என்பார்கள். உண்மைதான். அங்கே சாதாரண பெட்ரோல் நெடுங்காலம் 91 ஆகவே இருந்தது. அந்தக் கார்கள் அதற்கேற்பவே அமைக்கப்பட்டவை. நம் நாட்டில் ரோன்92 விற்பனை 2009-இல் நின்றுபோனது.

தாப்பாவில் பசியாறிவிட்டு ரிங்லெட் வழியாக ஏறுகிறீர்கள், கார் நிறைய ஆளும் பெட்டியும். ஏறக்குறைய 60 கிலோமீட்டர் வளைவுகள். இங்கேதான் ஓட்டும் விதம் எண்ணெயைவிடப் பெரிதாகிறது. உயர் கியரில், எஞ்சின் மெதுவாகச் சுற்றும்போது, மிதியை அடிவரை அழுத்தாதீர்கள். நேரடி பெட்ரோல் செலுத்தும் சிறிய டர்போக்களுக்கு ஆபத்தான நிலை அதுதான். கியரை இறக்கி, எஞ்சினைக் கொஞ்சம் வேகமாகச் சுழலவிட்டு ஏறுங்கள். இறங்கும்போதும் தாழ்ந்த கியர்தான், பிரேக் சூடாகாது.

தவறிக் குறைந்த எண்ணை ஊற்றிவிட்டால் பதற வேண்டாம். மிதியை மெதுவாகக் கையாளுங்கள். அடுத்த நிலையத்தில் 97 கலந்து நிரப்பினால் இரண்டுக்கும் இடைப்பட்ட எண் கிடைக்கும்.

காதை நம்பிப் பிழைக்கும் தொழில் என்னுடையது. அதனால் ஒரு வேண்டுகோள்: ஏற்றத்தில் ஒரு ஐந்து நிமிடம் பாட்டை நிறுத்துங்கள், எங்கள் நிகழ்ச்சியாக இருந்தாலும் சரி. கோலிக்குண்டுச் சத்தம் கேட்டால் மிதியைத் தளர்த்துங்கள். எஞ்சின் விளக்கு மினுக்கினால் ஓரமாக நிறுத்துங்கள். அப்படி எதுவும் இல்லையென்றால், மிச்சமான 40 வெள்ளியில் சுங்கை பாலாசில் குடும்பத்தோடு சுடச்சுடத் தேநீர் குடியுங்கள்.