‘மே’யும் ‘ஷல்’லும்

ஆங்கிலத்தில் ‘மே’, ‘ஷல்’ ஆகிய இரண்டும் துணைவினைகளே. முதன்மை வினைக்கு முன் நிற்பன. எனினும் பொருளால் வேறாவன. முன்னது ‘செய்யலாம்’ என இசைவு தரும். சட்டத்தில் பின்னது ‘செய்தல் வேண்டும்’ எனக் கடமை விதிக்கும்.

1963ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம், 1965க்குப் பின்னும் ஆங்கிலம் தொடர்வதற்கு ‘மே’ என்றே எழுதியது. ‘தொடரலாம்’ என்பது ‘தொடராமலும் விடலாம்’ என்பதற்கு இடந்தருமே எனத் தமிழகம் அஞ்சியது. 1965இல் மாணவர் கிளர்ச்சி மூண்டது, உயிர்கள் பலியாயின. இந்தியை ஏற்காத மாநிலங்களுடன் நடுவணரசு கொள்ளும் கடிதப் போக்குவரத்துக்கு ஆங்கிலம் என்பதை ‘ஷல்’ எனும் சொல்லால் உறுதிசெய்தது 1967ஆம் ஆண்டுத் திருத்தமே.

மாணவச் செல்வங்களே! இலக்கணம் மதிப்பெண்ணுக்கு மட்டும் உரியதன்று. மாரண்டஹள்ளியில் பத்திரத்தில் கைந்நாட்டு வைக்கும் உழவர்க்கும் ‘லாம்’, ‘வேண்டும்’ என்னும் வேறுபாடே காப்பு. அதனை அவருக்கு எடுத்துரைத்தல் கற்றோர் கடன்.