முகத்தைப் பொருத்தியது யார்?

அகதி அந்தஸ்துக் கிடைத்துவிட்டால் அச்சம் தீர்ந்தது என்றே எம்மவர் பலர் கருதுகின்றனர். சட்டம் அவ்வாறு கூறவில்லை. உண்மையை மறைத்துப் பெறப்பட்ட அந்தஸ்து எனக் கருதினால், அதனை நீக்குமாறு குடிவரவு அகதிகள் சபையிடம் அமைச்சர் கோரலாம். அக்கோரிக்கையின் பின்னணியில் கணினியின் முடிவு இருக்குமாயின், அதற்குப் பதில் கூற வேண்டியவர் யார்?

2022 யூலையில் கனடிய சமஷ்டி நீதிமன்றம் தீர்த்த வழக்கொன்று இக்கேள்வியை நேரடியாகத் தொட்டது. சோமாலிய அகதிகளாக ஏற்கப்பட்ட இரு பெண்கள், மாணவர் அனுமதியுடன் வந்த கென்யப் பிரஜைகளே என அமைச்சர் தரப்பு வாதிட்டது. புகைப்பட ஒப்பீடே முக்கிய ஆதாரம். 'கிளியர்வியூ' என்னும் முக அடையாள மென்பொருள் பயன்படுத்தப்பட்டதா எனப் பெண்கள் தரப்பு வினவியது. தனியுரிமைச் சட்டத்தைக் காட்டி அமைச்சர் தரப்பு விபரம் தர மறுத்தது. சபையும் அதனை ஏற்று அந்தஸ்தை நீக்கியது. நீதிபதி அவ்வி கோ அம்முடிவை இரத்துச் செய்தார். தேடிய முறையை மறைப்பதற்கு அச்சட்டம் போர்வையாகாது என்பதே தீர்ப்பின் சாரம்.

இது வெறும் நடைமுறைப் பிணக்கன்று. இணையத்திலிருந்து முந்நூறு கோடிக்கு மேற்பட்ட படங்களை அனுமதியின்றித் திரட்டிய கிளியர்வியூவின் செயல் சட்டவிரோதமானது எனக் கனடாவின் தனியுரிமை ஆணையாளர்கள் 2021 பெப்ரவரியில் அறிவித்தனர். முகத்தைக் கொண்டு ஆணா பெண்ணா எனக் கணிக்கும் மென்பொருட்கள், கருநிறப் பெண்கள் விடயத்தில் 34.7 சதவீதம் வரை தவறிழைத்ததை 2018 இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று காட்டியது. வெண்ணிற ஆண்கள் விடயத்தில் தவறு 0.8 சதவீதத்தைத் தாண்டவில்லை. முகப் பொருத்தம் வேறு பணியெனினும், எமது நிறத்தவர்க்கு இது எச்சரிக்கையே.

நம்பகத்தன்மை கேள்விக்குள்ளாகும்போது அகதிக் கோரிக்கையாளர் நேரில் விசாரிக்கப்பட வேண்டும் என 1985 இல் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் விதித்தது. எம்மக்கள் அந்த உரிமையின் நிழலிலேயே இங்கு வாழ்வு பெற்றனர். ஆயினும் சாட்சி சொல்வது இயந்திரமாயின், அதனைக் குறுக்கு விசாரணை செய்வது எங்ஙனம்?

அரச திணைக்களங்களின் தானியங்கி முடிவுகளுக்கான பணிப்புரை 2019 முதல் நடைமுறையில் உள்ளது. செயற்கை அறிவைக் கட்டுப்படுத்தவெனக் கொண்டுவரப்பட்ட சட்டமூலமோ 2025 சனவரியில் நாடாளுமன்ற அமர்வு முடிவுற்றதுடன் காலாவதியானது. ஆகவே இப்போதைக்கு நீதிமன்றமே காவல். அந்தஸ்து நீக்க அறிவித்தல் பெறுவோர், படங்கள் எவ்வாறு பொருத்தப்பட்டன என்பதைத் தமது சட்டத்தரணி மூலம் எழுத்தில் கேட்பது அவசியம். கேட்காத கேள்விக்கு எந்த அரசும் தானாகப் பதில் தருவதில்லை.